வலது பக்கம் திரும்பும்போது மட்டும்

பொறுமை மாஸ்டருக்கு அந்தப் பட்டம் சும்மா கிடைத்ததில்லை. அந்தத் தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் இன்னும் இரண்டு இருந்தன. இரண்டிலும் புதுப்புது வண்டிகள், ஏ.சி., பளபளக்கும் போர்டுகள். ஆனால் அங்கே சொல்லித் தருகிறவர்கள் வாயைத் திறந்தால் காது கூசும். கிளட்சை விட்டால் ஒரு திட்டு, விடாவிட்டால் இரண்டு திட்டு. அங்கே அழுதுவிட்டு இறங்கியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக மாஸ்டரிடம்தான் வந்து சேர்வார்கள்.

மாஸ்டர் திட்டமாட்டார். ஒரு முறை ஒரு பாங்க் அதிகாரி, முன்னால் போவதாக நினைத்துப் பின்னால் போய் யாரோ வீட்டு மதில் சுவரை முட்டினார். வீட்டுக்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். மாஸ்டர் நிதானமாக, "சுவரு எங்கயும் ஓடிப்போகாது சார், அது கிடக்கட்டும். நாம முதல் கியர் எங்க இருக்குன்னு தேடுவோம்" என்றார். அதிகாரி இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மாஸ்டருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் வேறு ரகம். தப்பு செய்தால் ஸ்பேனரால் விரலில் தட்டுவார். அப்போது வாங்கிய அடியில் ஒரு சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் கோணல். நமக்கென்று ஒரு வண்டி வந்தால், அதில் உட்காருகிறவர்கள் பயந்து உட்காரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார். சொன்னபடி செய்தும் காட்டினார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. நியாயமான கர்வம், யாரும் குறை சொல்ல முடியாது.

நியாயமில்லாத கர்வம் ஒன்றும் இருந்தது. அது வண்டியைப் பற்றியது.

வண்டிக்கு வயதாகிவிட்டது. வெள்ளை என்று வாங்கிய நிறம் வேறு ஏதோ நிறமாகிவிட்டது. அதைத் துடைப்பதும் தடவுவதுமாக அவர் இருப்பதைப் பார்த்து அவர் மனைவி அதற்குச் சக்களத்தி என்றே பேர் வைத்திருந்தாள். "சக்களத்திக்கு இன்னிக்கு எண்ணெய் மாத்தணுமாம், வீட்டுக்கு மளிகை வாங்க நேரமில்லையாம்" என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் மாஸ்டர் ஒரே பாடத்தைத்தான் சொல்வார். "வண்டி தப்பு பண்ணாதுங்க. நாம சொல்றதத்தான் அது செய்யும். ஏதாவது தப்பா நடந்தா, முதல்ல நம்ம கையப் பாக்கணும், நம்ம காலப் பாக்கணும்." கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதுவே பின்னால் அவருக்கு எத்தனை வசதியாகப் போகும் என்று அப்போது அவருக்கே தெரியாது.

அந்த வண்டியை ஊரிலேயே ஒருவன்தான் கிண்டல் செய்வான். மனைவியின் தம்பி. கார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தான். நல்ல வேலைக்காரன், ஆனால் வாய் ஓயாது. தன் மகளின் பிறந்தநாளுக்கு வந்திருந்த மொத்த உறவுக்கும் நடுவில் ஒரு தடவை, "அத்தான், உங்க வண்டிய எப்ப ஷெட்டுக்குக் கொண்டு வர்றீங்க? பாட்டு பாட ஆரம்பிச்சிருக்குமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் கூடச் சிரித்தார்கள். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "என் வண்டியில இருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தா, அன்னிக்கு நானே கொண்டுவந்து உன் காலடியில நிறுத்துறேன் மாப்ள" என்றார். பொறுமைசாலிகள் சபதம் போடக்கூடாது. போட்டால் அதைக் காப்பாற்றுவதற்காக என்னென்னவோ செய்யவேண்டி வரும்.

சத்தம் வந்தது. ஒரு மத்தியானம் அவர் தனியாக வண்டியைத் திருப்பி வீட்டு முன்னால் நிறுத்தும்போது வந்தது. டக், டக், டக். நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினால் வருமே, அந்தச் சத்தம். இடது பக்கம் திருப்பினார், இல்லை. நேராக ஓட்டினார், இல்லை. வலது பக்கம் திரும்பும்போது மட்டும். ஏதோ கல் சிக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாளும் கல் சிக்கியிருந்தது. அதற்கு மறுநாளும். அப்புறம் கல்லைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டு, வலது பக்கம் அதிகம் திரும்பாத தெருக்களாகப் பார்த்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டி முனையில் வலது பக்கம் வளைய வேண்டிய இடத்தில் இடது பக்கம் வளைந்து, இன்னும் ஒரு இடது, இன்னும் ஒரு இடது என்று ஊரைச் சுற்றிக் கொண்டுவந்து விடுவார். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் சில வாரம் பயத்தில் காதே கேட்காது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டவர் நர்ஸம்மா.

பெரிய கிளினிக் ஒன்றில் வேலை. பல வருஷமாக நைட் டூட்டி. பள்ளிக்குப் போகும் மகளை மாலையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிற வாழ்க்கை. கிளினிக்கில் புதிதாக ஒரு வேலை போட்டிருந்தார்கள். படுக்கையிலிருந்து எழுந்து வரமுடியாத நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கவேண்டும். கிளினிக் கார் கொடுக்கும், ஓட்டிக்கொண்டு போகவேண்டும். முழுக்கப் பகல் வேலை. டாக்டர் நர்ஸம்மாவுக்குத்தான் கொடுக்க நினைத்தார். "ஆனா சிஸ்டர், அடுத்த மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் வேணும். இல்லேன்னா புதுசா சேர்ந்த பொண்ணுக்குப் போயிரும், அவகிட்ட லைசென்ஸ் இருக்கு" என்று சொல்லியிருந்தார். இதை நர்ஸம்மா முதல் நாளே மாஸ்டரிடம் சொன்னார். "பொண்ணு தினமும் போன்லதான் என்கிட்ட குட் நைட் சொல்றா மாஸ்டர். எப்படியாவது கத்துக் குடுத்திருங்க" என்றார்.

நர்ஸம்மா நன்றாகக் கற்றுக்கொண்டார். கண், கை, கால் எல்லாம் சொன்னதைக் கேட்டன. இரண்டாவது வாரம் ஒரு லாரி வழியை அடைத்து நின்றதால் வேறு வழியில்லாமல் வலது பக்கம் இறுக்கி வளைக்க வேண்டியதாயிற்று. டக், டக், டக், டக்.

"மாஸ்டர், என்ன சத்தம் அது?"

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. "நீங்க ஸ்டீயரிங்க முரட்டுத்தனமா இழுத்தீங்கம்மா. அதான் வண்டி சொல்லுது. பதமா திருப்பணும்."

"ஐயோ, மன்னிச்சிருங்க மாஸ்டர்" என்றார் நர்ஸம்மா. சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கை மெல்லத் தடவிக் கொடுத்தார், குழந்தையை இடித்துவிட்டவர் தடவுவதைப் போல.

அந்த நேரத்தில் மாஸ்டர் திருத்தியிருக்கலாம். "சும்மா சொன்னேன்மா, வண்டிக்கு வயசாச்சு" என்று சிரித்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். காது மட்டும் சூடாக இருந்தது. அடுத்த தெருவுக்கு வருவதற்குள் அந்தப் பேச்சு கெட்டியாகிவிட்டது, இனிமேல் பிரித்தெடுக்க முடியாது.

பொய்யில் இன்னொரு கேடு உண்டு, சமயத்தில் அது பலித்தும் தொலைக்கும். நர்ஸம்மா பதமாகத் திருப்ப ஆரம்பித்தார். ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பி, ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தும் வைக்காமலும் அகலமாக வளைந்தால் சத்தம் குறைந்தது. சில நேரம் வரவே இல்லை. "பாத்தீங்களா!" என்று மாஸ்டர் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தபின் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நர்ஸம்மா முகமெல்லாம் மலர்ந்து, "வீட்ல குழம்புச் சட்டி மூடிய வச்சு பழகுறேன் மாஸ்டர். என் பொண்ணு சிரிக்கிறா" என்றார்.

தேர்வு மைதானத்தில் ஓட்டுகிறவர் தனியாகத்தான் ஓட்டவேண்டும். இன்ஸ்பெக்டர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். நேர் ஓட்டம், பின்னோட்டம், மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாவற்றையும் நர்ஸம்மா அழகாகச் செய்தார். கடைசியில் வலது பக்கம் முழு வளைவு. வேலிக்கு வெளியே நின்றிருந்த மாஸ்டருக்கு அங்கிருந்தே அந்தச் சத்தம் கேட்டது. நர்ஸம்மா பாதி வளைவில் ஸ்டீயரிங்கை விட்டார். சுட்டதைத் தொட்டவர் கையை எடுப்பதைப் போல, சடாரென்று. வண்டி நேராகப் போய் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளைத் தள்ளிக்கொண்டு நின்றது.

இரண்டாவது தேர்வில் கூம்பைத் தள்ளவில்லை. சத்தம் வரக்கூடாது என்று அத்தனை அகலமாக வளைந்ததில் கோட்டைத் தாண்டிப் புல்லில் ஏறிவிட்டார். இன்ஸ்பெக்டர் பேப்பரில் கிறுக்கிக்கொண்டே, "கை இப்படி நடுங்கினா உங்களுக்கு எதுக்கும்மா வண்டி? பஸ்ல போங்க" என்றார்.

நர்ஸம்மா வேலியோரம் வந்தார். மாஸ்டரைத் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்தீங்க. உங்க பேரைக் கெடுத்துட்டேன் மாஸ்டர்" என்றார். மாஸ்டர் எதையோ மென்று விழுங்கினார். "பரவால்லம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று மட்டும் வந்தது. மன்னிக்கிறவர் போல அதை அவர் சொன்னதுதான் கொடுமை. மாசக் கடைசிக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் இருந்தது.

தேர்வுக்கு முந்தின வாரம் வண்டிக்கே பொறுமை போய்விட்டது. பதமாகத் திருப்பினாலும் சத்தம், கொஞ்சமாகத் திருப்பினாலும் சத்தம். சந்தைத் தெரு முனையில் நர்ஸம்மா வண்டியை நட்டநடுவில் நிறுத்தினார். பின்னால் ஹாரன்கள் அலறின. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வராது மாஸ்டர். விட்டுடுறேன். எவ்வளவு பதமா பண்ணாலும் என் கை ஏதோ தப்பு பண்ணிக்கிட்டே இருக்கு."

மாஸ்டர் இறங்கிப் போய் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். நர்ஸம்மா பின் சீட்டுக்குப் போய்க் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வார்த்தை வரவில்லை. "ஒரு நிமிஷம் ஷெட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்மா" என்றார்.

"நான் வண்டிய உடைச்சிட்டேனா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஷெட் வரைக்கும் அவர் பேசவே இல்லை. அந்த மௌனத்துக்கு நர்ஸம்மா என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தும் பேசவில்லை.

மச்சினன் ஷெட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்தான். "வாங்க வாங்க! காலடியில நிறுத்துறேன்னீங்களே, கொஞ்சம் முன்னாடி எடுத்து நிறுத்துங்க, என் கால் இங்க இருக்கு." பின் சீட்டிலிருந்து இறங்கிய பெண்மணியைப் பார்த்ததும் கிண்டலைச் சுருட்டிக்கொண்டு வேலைக்காரன் ஆனான். "சொல்லுங்க அத்தான், எப்ப சத்தம் வருது?"

"வலது பக்கம் திரும்பும்போது."

"நின்னுக்கிட்டே ஸ்டீயரிங்கத் திருப்பினா வருதா? ஓடும்போது மட்டுமா?"

மாஸ்டர் விழித்தார். இத்தனை நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் பாடுபட்டிருக்கிறார். அதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

"நின்னுக்கிட்டே திருப்பினா வராதுங்க" என்றார் நர்ஸம்மா. "சக்கரம் உருளணும். உருண்டாதான் வரும்."

மச்சினன் அவர் பக்கம் திரும்பினான். "ஆக்ஸிலேட்டர்ல கால் இருக்கும்போதா, எடுத்தப்புறமா?"

"கால் வச்சா ஜாஸ்தி. எடுத்தா கம்மியாயிரும். மேட்டுல ஏறிக்கிட்டே திரும்பினா இன்னும் ஜாஸ்தி."

"வேகத்தக் கூட்டினா?"

"சத்தமும் வேகமா வரும். சக்கரம் சுத்துற கணக்குக்குத்தான் வருது."

"ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது ஏதாவது இடிக்குதா?"

"இல்ல. குழியில விட்டாலும் இல்ல."

"நேரா போகும்போது 'ஊ'ன்னு ஒரு இரைச்சல்?"

"இல்லவே இல்ல. பின்னாடி எடுக்கும்போது வலது பக்கம் திருப்பினா வரும், ஆனா கொஞ்சம் வேற மாதிரி. மழை பேஞ்ச அன்னிக்குக் கம்மியா இருந்துச்சு. காலையில முதல் திருப்பத்துல லேசா இருக்கும், போகப் போக அதிகமாகும்."

மச்சினன் வாயைப் பிளந்தான். "சிஸ்டர், நீங்க எந்த ஷெட்ல வேலை பாத்தீங்க? இப்படி யாரும் சொன்னதே இல்ல. வர்றவங்கல்லாம் 'கடகடன்னு ஒரு சத்தம்ப்பா'ன்னு சொல்லிட்டுச் சாவியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவாங்க."

"ஷெட்லல்லாம் இல்லங்க" என்றார் நர்ஸம்மா. "எந்த இடத்துல என் கை தப்பு பண்ணுதுன்னு கண்டுபிடிக்கணும்னு ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டே இருந்தேன். தூக்கத்துல கூட அதே நெனப்புதான்."

"உங்க கையா? கைக்கும் இதுக்கும் என்ன?" என்று சிரித்துக்கொண்டே மச்சினன் ஜாக்கியை உள்ளே தள்ளினான்.

மாஸ்டருக்கு ஷெட்டை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் விதைத்த பொய் அந்த அம்மாவுக்குள் எத்தனை வேலை செய்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மழை பெய்த நாள், மேட்டுத் திருப்பம், காலையின் முதல் வளைவு, ஒவ்வொன்றிலும் அவர் தன்னையே நிறுத்தி விசாரித்திருக்கிறார். விசாரிக்க வேண்டிய ஆள் பக்கத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முன் சக்கரம் மேலே எழும்பியது. மச்சினன் டார்ச் அடித்துக் காட்டினான். இடது சக்கரத்துக்கு உள்பக்கம், ஆக்ஸில் முனையில் மடிப்பு மடிப்பாக இருந்த ரப்பர் உறை வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே இருக்கவேண்டிய கிரீஸ் எல்லாம் சுற்றிலும் தெறித்துக் கறுப்பாக அப்பியிருந்தது.

"ஆக்ஸில் ஜாயிண்ட் போச்சு. ரப்பர் கிழிஞ்சு கிரீஸ் வெளிய போயிருக்கு, மண்ணு உள்ள போயிருக்கு. வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்து மேல விழும், அதான் அப்ப மட்டும் கத்துது. பழசு, ரொம்ப நாள் பழசு. யார் ஓட்டினாலும் சத்தம் வரும்."

யார் ஓட்டினாலும். நர்ஸம்மா குனிந்து அந்தக் கிழிந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முரட்டுத்தனமா திருப்பினா இது கிழியுமாங்க?"

"சேச்சே. வயசானா கிழியும், அவ்வளவுதான்."

"சரிங்க" என்றார் நர்ஸம்மா. நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார். ஒரு கணம்தான். கோபம் என்று சொல்லமுடியாது. நோயாளி மாத்திரையைச் சாப்பிட்டதாகப் பொய் சொல்லும்போது நர்ஸுக்குத் தெரிந்துவிடுமே, அப்படி ஒரு பார்வை.

மச்சினன் டார்ச்சை அணைத்தான். "ஏன் அத்தான், இத்தனை நாளா உங்க காதுல இது விழவே இல்லையா?"

மாஸ்டரின் வாய் திறந்தது. அதற்குள் நர்ஸம்மா முந்திக்கொண்டார். "அவர் பக்கத்துல இருக்கும்போது அவ்வளவா வராதுங்க. தனியா ஓட்டும்போதுதான் வந்துச்சு. நான் இன்னிக்குத்தான் அவர்கிட்ட சொன்னேன்."

சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போது படுக்கையில் கிடக்கிறவரின் குட்டை உடைப்பதில்லை என்பது அவர் வேலைப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கலாம். மாஸ்டர் என்ன செய்தார்? "ஆமா மாப்ள" என்றார். எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, தலையையும் ஆட்டினார். முதல் பொய் வாய் தவறி வந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த 'ஆமா'வை அவர் யோசித்துத்தான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் உயிருள்ளவரை கூசுவார், கூசவும் வேண்டும்.

வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். தம்பி அதற்குள் போனில் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தான். "சக்களத்திய ஆஸ்பத்திரியில சேத்துட்டீங்களாமே!" என்று சிரித்துக்கொண்டே சாப்பாட்டை எடுத்து வைத்தாள் மனைவி. கணவன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "என்ன, யாராவது எதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான்."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். லாரி நின்ற தெருவிலிருந்து ஷெட்டில் சொன்ன 'ஆமா' வரைக்கும், ஒன்று விடாமல். எதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறவள், கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் முடித்ததும், "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நானா ஃபெயிலானேன்?" என்றாள். அப்புறம் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனாள்.

முடிவை இப்போதே சொல்லிவிடலாம். அந்தக் கடைசித் தேர்வில் நர்ஸம்மா பாஸானார். பகல் வேலையும் கிடைத்தது. மகளுக்கு இப்போது நேரிலேயே குட் நைட் சொல்கிறார். அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால், வண்டி ஷெட்டிலிருந்து வந்த அன்று மைதானத்தில் நடந்தது இருக்கிறதே, அதுதான் மாஸ்டரின் வாழ்க்கையில் நடந்த விஷயம்.

நர்ஸம்மா பாடத்துக்கு வரமாட்டார் என்றுதான் அவர் நினைத்தார். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். மாஸ்டர் வாயைத் திறக்கலாம் என்று பார்த்தால், மச்சினன் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். புது ஜாயிண்ட் எப்படி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கவேண்டுமாம். மாஸ்டர் மறுபடியும் விழுங்கிக்கொண்டார். விழுங்குவது அவருக்குப் பழகிவிட்டது.

மைதானம் காலியாக இருந்தது. நர்ஸம்மா வலது பக்கம் திருப்பினார். சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி வளைந்தது வண்டி. பாதி வளைவில் அவர் கை ஸ்டீயரிங்கை விட்டது. வண்டி நேராக ஓடி, பிரேக் போட்டு நின்றது.

"இன்னொரு தடவைம்மா" என்றார் மாஸ்டர்.

இன்னொரு தடவையும் அதே இடத்தில் கை விட்டது. அப்புறமும் விட்டது. வராத சத்தத்துக்குக் காது கூர்ந்து, தோளை இறுக்கிக்கொண்டு, வளைவு பாதிக்கு வந்ததும் அந்தக் கை தானாகவே எழும்பியது. "பதமா வேண்டாம்மா, நல்லா இறுக்கித் திருப்புங்க. இப்ப வண்டி சரியாயிருச்சு" என்றார் மாஸ்டர். குரலில் பழைய பொறுமையெல்லாம் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் நர்ஸம்மாவின் தோள் இன்னும் இறுகியதை அவர் தன் கண்ணால் பார்த்தார்.

நர்ஸம்மா வண்டியை நிறுத்தினார்.

"மாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?"

குரலில் கோபமில்லை. ஊசி போடும்போது கூட இருக்கிறவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்வது போல, மரியாதையாகத்தான் கேட்டார். மாஸ்டர் இறங்கினார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், இடித்திருக்கிறார்கள், பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவரை இறங்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

மச்சினன் ஒன்றும் புரியாமல் முன் சீட்டுக்கு மாறினான். கற்றுக்கொடுப்பது பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. "திருப்புங்க சிஸ்டர்! இன்னும்! இன்னும் திருப்புங்க, அது ஒண்ணும் கையோட வந்துராது!" என்று அவன் போட்ட கூச்சல் மைதானம் முழுக்கக் கேட்டது. நர்ஸம்மா திருப்பினார். பாதி வளைவு தாண்டியது. கை விடவில்லை. வண்டி முழு வட்டம் போட்டு வந்தது. மறுபடி ஒரு வட்டம். பக்கத்தில் ஒருவன் காட்டுக் கத்தல் கத்துகிறான், அந்த அம்மா எந்தப் பயமும் இல்லாமல் ஓட்டுகிறார். மாஸ்டர் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாக ஓட்டக்கூடியவர் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

வண்டி அவர் பக்கத்தில் வந்து நின்றது. மச்சினன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "அத்தான், இவங்க என்னை விட நல்லா ஓட்டுறாங்க! ரெண்டு தடவை ஃபெயில்னு இப்பத்தான் சொன்னாங்க, அது எப்படி?"

நர்ஸம்மா இந்த முறை முந்திக்கொள்ளவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதான் மாப்ள" என்றார் மாஸ்டர். "வண்டியில கோளாறுன்னு எனக்கு முதல் நாள்லயே தெரியும். உன்கிட்ட வரக் கூச்சப்பட்டுக்கிட்டு, சத்தம் இவங்க கையாலதான் வருதுன்னு சொன்னேன். இவங்க நம்பிட்டாங்க. அன்னிக்கு ஷெட்ல இவங்க எனக்காகப் பொய் சொன்னாங்க, நான் அதுக்கும் தலையாட்டினேன்." நர்ஸம்மா பக்கம் திரும்பி, "உங்க கையில ஒரு நாளும் தப்பு இருந்ததில்லம்மா. தப்பு முழுக்க என்னுது" என்றார்.

வாய் ஓயாத மச்சினன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். வண்டியை விட்டு இறங்குவதா, உட்காருவதா என்று தெரியாமல் கதவில் கையை வைத்தான்.

மாஸ்டரும் கதவை நோக்கி ஓரடி வைத்தார். சொல்லிவிட்டோம், இனி ஏறி உட்காரலாம் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

நர்ஸம்மா அவர் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "சொன்னீங்களே மாஸ்டர், அதுவே போதும்" என்றார். பிறகு மச்சினனிடம், "நீங்க உக்காருங்க, இறங்காதீங்க. இன்னும் கொஞ்சம் சுத்திட்டு வரலாம்" என்று முதல் கியரைப் போட்டார்.

மாஸ்டர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். வண்டி வலது பக்கம் திரும்பிப் போனது.